விதை தந்தவர்கள் வேறு, சரி, அப்புறம் சி. சுப்பிரமணியம் என்னதான் செய்தார்?

நீங்கள் கேட்டது இது: பசுமைப் புரட்சி என்றாலே பாடப்புத்தகத்தில் அமெரிக்கக் கோதுமை விஞ்ஞானி போர்லாக் பெயரும் நம் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் பெயரும்தான் வருகின்றன, சி. சுப்பிரமணியம் அப்போது உணவு அமைச்சராக இருந்தவர், அவ்வளவுதான், ஃபைலில் கையெழுத்துப் போட்டதற்கா பாரத ரத்னா? கூடவே, அமைச்சர் பங்களாப் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார் என்பது நிஜமா, கட்சிக்காரர்கள் கட்டிவிட்ட கதையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதல் கேள்வியில் நீங்கள் உண்மையில் கேட்பது, விஞ்ஞானம் தெரியாத ஓர் அமைச்சர் விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தில் எதைத்தான் செய்துவிட முடியும் என்பது. நல்ல கேள்வி. நான் அரசியல் வரலாறு படித்தவனில்லை. கோவையில் வேளாண்மை படித்து, முப்பது வருடத்துக்கு மேல் விரிவாக்கத் துறையில் வயல் வயலாக அலைந்து ஓய்வு பெற்றவன். ஆகவே வயல் சம்பந்தப்பட்டதை நிச்சயமாகவும், டெல்லி சம்பந்தப்பட்டதைக் கொஞ்சம் அடக்கமாகவும் சொல்கிறேன். எது சர்ச்சைக்குரியது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம், கோவையில் வக்கீல் தொழில், 1942 போராட்டத்தில் சிறை, அப்புறம் அரசியல் நிர்ணய சபை. 1952இல் ராஜாஜி அமைச்சரவையில் நிதியும் உணவும் அவர் கையில். 1954இல் ராஜாஜி விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்று 93க்கு 41 என்று தோற்றார். தோற்கடித்த காமராஜரே அவரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீட்டுத் தொழில் என்றதால் குலக்கல்வி என்று பெயர் வாங்கிய ராஜாஜியின் கல்வித் திட்டத்தைச் சட்டசபையில் ஆதரித்துப் பேசியவர், 1954 மே மாதம் காமராஜரின் கல்வி அமைச்சராக எழுந்து அந்தத் திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, தன் பக்கத்து வாதம் தோற்றபின் அதைக் கட்டிக்கொண்டு அழாத சுபாவம் என்று படுகிறது. மதிய உணவுத் திட்டத்தையும் சிலர் இவர் கணக்கில் எழுதுகிறார்கள். அப்போது கல்வியும் நிதியும் இவரிடம் இருந்தன, பணம் ஒதுக்கியதில் பங்கு உண்டு. ஆனால் அந்த யோசனையும் பிடிவாதமும் காமராஜருடையவை, ஊர் ஊராகப் போய் நடத்திக் காட்டியதில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு பெரிது. அதைப் பிடுங்கி இவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, இவருக்கு வேறு இருக்கிறது.

1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார், நேரு உருக்குத் துறையைக் கொடுத்தார். 1964 மே மாதம் நேரு இறந்தார், ஜூனில் சாஸ்திரி பிரதமரானார், சி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் சுப்பிரமணியத்தின் கைக்கு உணவும் வேளாண்மையும் வந்தன. அந்த இலாகாவைக் கேட்டு வாங்குகிறவர் அப்போது யாரும் இல்லை. உருக்கிலிருந்து உணவுக்கு மாற்றினால் அது தண்டனை என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். மழை பெய்தால் பெயர் மழைக்கு, பெய்யாவிட்டால் திட்டு அமைச்சருக்கு.

அந்தக் காலத்தைக் காணாதவர்களுக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். அமெரிக்காவின் பிஎல் 480 சட்டத்தின்கீழ் 1956 முதலே கோதுமை வந்துகொண்டிருந்தது. டாலர் தேவையில்லை, ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கலாம். நமக்கு வசதிதான், ஆனால் அந்த வசதிக்குள் ஒரு விஷம் இருந்தது. துறைமுகத்தில் மலிவுக் கோதுமை வந்து குவிந்துகொண்டே இருந்தால் பஞ்சாபில் கோதுமை விளைவிக்கிறவனுக்கு என்ன விலை கிடைக்கும்? விலை இல்லாதபோது அவன் எதற்காக உரம் வாங்கிப் போட வேண்டும்? நகரத்தில் ரொட்டி மலிவாக இருக்க வேண்டும் என்பதே கொள்கையாக இருந்தது, அதற்கான செலவு விளைவிக்கிறவன் தலையில். 1964-65இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருடம் பருவமழை பொய்த்து 7.2 கோடி டன்னுக்கு இறங்கியது. அதற்கடுத்த வருடமும் வறட்சி, பீகாரில் பஞ்சம் என்றே சொல்லும்படியான நிலைமை. 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் கப்பலில் வந்தது. கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும். எங்கள் வீட்டில் அம்மா ரேஷன் பையை உதறிக் கொட்டி, கப்பல் கோதுமையில் கிடக்கும் தூசு தும்புகளை முறத்தில் புடைத்து எடுத்துக்கொண்டே, யாரென்றே தெரியாத அமெரிக்காக்காரனைத் திட்டுவார். திட்டிவிட்டு அதைத்தான் அரைத்துச் சப்பாத்தி சுட்டார். சோறு தின்று பழகிய எங்களுக்கு அது தொண்டையில் இறங்காது.

இனி வயலுக்குள் வருகிறேன், ஏனென்றால் இது புரியாமல் அமைச்சரின் வேலை புரியாது. பழைய கோதுமை ரகங்கள் நெட்டை, நெல்லும் அப்படித்தான், இடுப்புக்கு மேல் வளரும். அதற்கு யூரியா மாதிரித் தழைச்சத்து உரத்தைக் கூடக் கொடுத்தால் என்ன ஆகும்? பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று கிளம்பும், பார்க்கிறவன் கண்ணே பட்டுவிடும். கதிர் பால் பிடித்துக் கனக்கிற நேரத்தில் ஒரு காற்று, ஒரு மழை, அவ்வளவுதான், பாய் விரித்த மாதிரி வயல் முழுக்கப் படுத்துவிடும். படுத்த பயிரில் மணி பிடிக்காது, எலிக்குக் கொண்டாட்டம், அறுவடைக்கு ஆள் கிடைக்காது. ஆக பழைய ரகத்துக்கு உரத்தை அளவுக்கு மேல் போடாத விவசாயி முட்டாள் இல்லை, கணக்குத் தெரிந்தவன். போர்லாக் மெக்சிகோவில் செய்தது, ஜப்பானியக் குட்டைக் கோதுமையின் குணத்தைத் தன் ரகங்களுக்குள் கொண்டுவந்தது. தண்டு குட்டை, தடிப்பு. உரத்தைக் கொட்டினாலும் சாயாமல் அத்தனையையும் கதிராக்கும். நெல்லில் தைச்சுங் நேட்டிவ் 1, பிறகு ஐஆர் 8 செய்ததும் அதுவே. ஆனால் இங்கே ஒரு சங்கிலி இருக்கிறது: குட்டை ரகத்துக்கு உரம் வேண்டும், உரம் போட்டால் தண்ணீர் வேண்டும், இரண்டுக்கும் பணம் வேண்டும், பணம் போட்டவனுக்கு விளைந்ததை விற்க நிச்சயமான விலை வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் குட்டை ரகம் பழைய ரகத்தைவிட மோசம். விதையை உருவாக்குவது விஞ்ஞானி. இந்தச் சங்கிலியின் மற்ற எந்தக் கண்ணியும் ஆராய்ச்சி நிலையத்தில் இல்லை, எல்லாம் அரசாங்க ஃபைல்களில் கிடந்தன.

சி.எஸ். முதலில் கைவைத்தது விலையில். பதவிக்கு வந்த 1964ஆம் வருடமே எல்.கே. ஜா தலைமையில் தானிய விலைக்கென்று ஒரு குழு. 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு நிறுவப்பட்டது, அதற்குத் தலைவர் பொருளாதார அறிஞர் தாந்த்வாலா. அதே ஜனவரியில் இந்திய உணவுக் கழகமும் வந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் ஜனவரி 14 அன்று, பொங்கலன்று, நம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது என்பது டெல்டாக்காரர்களில் பலருக்கே தெரியாது. விலையை முன்கூட்டியே சொல்வது, சந்தை இறங்கினால் அந்த விலைக்கு அரசாங்கம் வாங்குவது, வாங்கியதை ரேஷனுக்கு அனுப்புவது: இன்றைக்கு ஆதார விலை, கொள்முதல் நிலையம் என்று சண்டை போடுகிறோமே, அதற்கெல்லாம் வித்து அந்த மாதத்தில் விழுந்தது. மாதத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு வழக்கில் சாட்சியாகக் கூப்பிடுவேன்.

இரண்டாவது, என் தொழிலுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளைக்காரன் காலத்து ஆட்சிப் பணியான ஐ.சி.எஸ்.ஸில் வந்த அதிகாரிகள். விஞ்ஞானி வருடக்கணக்கில் வயலில் நின்று ஒரு ரகத்தை எடுத்துக்கொண்டு போனால், அதற்கு ஆமாம் இல்லை சொல்கிறவர் வருவாய்த் துறையிலிருந்து வந்திருப்பார், அடுத்த வருடம் ரயில்வேக்கோ ஜவுளிக்கோ போய்விடுவார். சி.எஸ். அதை மாற்றினார். 1965இல் கோதுமை ஆராய்ச்சியாளர் பி.பி. பால் அதன் முதல் விஞ்ஞானித் தலைமை இயக்குநரானார். அங்கங்கே தனித்தனியாகச் சிதறிக் கிடந்த ஆராய்ச்சி நிலையங்கள் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன. இது செய்தித்தாளில் கால் பத்திச் செய்தியாக வந்து போயிருக்கும். ஆனால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், யார் யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதை மாற்றினால் பாதிப் போர் முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட, துறையில் மூத்தவர்கள் தேநீர்க் கடையில் பேசும்போது சி.எஸ். என்றால் கோதுமையைச் சொல்ல மாட்டார்கள், 'எங்க ஆளை நாற்காலியில் உட்கார வெச்சவர்' என்பார்கள்.

மூன்றாவதுதான் விதை இறக்குமதி. போர்லாக் 1963இல் இந்தியா வந்து பயிரைப் பார்த்துவிட்டுப் போனார், மெக்சிகோ ரகங்களின் மாதிரிகள் வந்தன, சுவாமிநாதன் குழுவினர் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே செயல்விளக்கம் போட்டுக் காட்டினார்கள். 1965இல் 250 டன் விதை வரவழைக்கப்பட்டது, சோனோரா 64ம் லெர்மா ரோகோவும். அந்தச் சரக்கு வந்த கதையே ஒரு நாடகம்: மெக்சிகோவிலிருந்து லாரிகளில் லாஸ் ஏஞ்சலீஸ் துறைமுகம் போகிற வழியில் அங்கே கலவரம், கப்பல் ஏறியபின் இங்கே இந்தியா-பாகிஸ்தான் யுத்தம். வந்து விதைத்தால் முளைப்புத்திறன் பாதிக்குப் பாதி இல்லை, மெக்சிகோக் கிடங்கில் பூச்சிக்காகப் புகைமூட்டம் அளவுக்கு மீறிப் போட்டுவிட்டார்கள் என்று போர்லாக் பின்னால் சொன்னார். விதையளவை இரட்டிப்பாக்கி விதைக்கச் சொல்லிச் சமாளித்தார்கள். இன்னொன்று, மணி செந்நிறம். பொன்னிறக் கோதுமை பார்த்துப் பழகிய சந்தையில் சிவப்புக் கோதுமைக்கு விலை குறைவு. பின்னால் நம் ஆட்கள் மெக்சிகோவிலிருந்து வந்த மாதிரிகளிலிருந்தே பொன்னிற மணி ரகங்களை, கல்யாண் சோனா, சோனாலிகா மாதிரி, தேர்ந்தெடுத்துக் கொடுத்தபின்தான் அந்தக் குறை தீர்ந்தது.

இப்படி ஒரு அனுபவத்துக்குப் பிறகு, அடுத்த வருடம், 1966இல், 18,000 டன் விதை வாங்க முடிவெடுத்தார்கள். எந்த நாடும் அதுவரை வெளியிலிருந்து அவ்வளவு விதையை ஒரே வீச்சில் வாங்கியதில்லை என்பார்கள். அமைச்சர் என்ன செய்தார் என்ற உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வயலில் வேலை செய்தவன் கண்ணால் பாருங்கள்: வேறு நாட்டு ரகம், நம் மண்ணில் இரண்டு மூன்று பருவம்தான் பார்த்தது. பூஞ்சையால் வரும் துருநோய் ஒரு புது வகையில் வந்தால் லட்சக்கணக்கான ஏக்கர் ஒரே நேரத்தில் போகும். ஒரு விஞ்ஞானி தன் அறிக்கையில் 'மேலும் இரண்டு வருடம் சோதித்துப் பார்க்கலாம்' என்று எழுதினால் யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள், நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். காத்திருப்பதில் இருக்கும் ஆபத்தை எடை போடுவது அமைச்சர் வேலை. அந்நியச் செலாவணி தொண்டைக்குழியில் நிற்கிற நேரம். 1965 கடைசி வரை நிதி அமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி உரத்துக்கு டாலர் கொட்டுவதை எதிர்த்தார், திட்டக்குழுவிலும் எதிர்ப்பு, இடதுசாரிகளுக்கோ இது அமெரிக்க உரக் கம்பெனிகளுக்கு வாசலைத் திறந்துவிடுகிற வேலை. பணக்கார விவசாயிக்கும் நீர்ப்பாசன ஜில்லாவுக்கும் மட்டும்தானே இது என்ற கேள்வியும் வந்தது, அது நியாயமான கேள்வியும்கூட. சி.எஸ். அதை மறைக்கவில்லை, இருக்கிற கொஞ்ச உரத்தையும் விதையையும் நாடு முழுக்கத் தூவினால் எங்கும் விளையாது, தண்ணீர் நிச்சயமாக இருக்கிற இடத்தில் குவித்தால் அங்கே விளைந்து எல்லோருக்கும் வரும் என்பதே அவர் வாதம். சாஸ்திரி பின்னால் நின்றார், 1966 ஜனவரியில் அவர் தாஷ்கண்டில் இறந்தபின் இந்திராவும் நின்றார். சி.எஸ்.ஸுக்குத் துணையாகச் செயலாளர் இருக்கையில் பி. சிவராமன் இருந்தார், ஒரிசா பிரிவு ஐ.சி.எஸ். அதிகாரி, ஃபைலை எந்த மேஜையிலும் தூங்கவிடாதவர். இவர் பெயரையும் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

விளைவு கண்ணெதிரே இருக்கிறது. கோதுமை 1964-65இல் சுமார் 1.23 கோடி டன். அதுவே அதுவரை நல்ல வருடம். 1967-68இல் 1.65 கோடி டன். 1971-72இல் 2.64 கோடி டன். 1968இல் கோதுமைப் புரட்சி என்று தபால்தலையே வெளியிட்டார்கள். அப்போது சி.எஸ். அமைச்சரில்லை, எம்.பி.கூட இல்லை. நெல்லில் கதை இவ்வளவு வேகமாக ஓடவில்லை. தஞ்சைப் பக்கம் அந்த வருடங்களில் பரவிய ஆடுதுறை 27, ஜப்பான் நெல்லையும் நம்மூர் நெல்லையும் இணைத்தெடுத்த, குறுவை என்கிற முதல் போகத்துக்கான ரகம், 105 நாளில் வந்துவிடும், அதை எடுத்துவிட்டுத் தாளடி என்கிற இரண்டாம் போகம் போடலாம். அதற்கும் மெக்சிகோவுக்கும் சம்பந்தமில்லை, நம் ஆட்களே செய்தது. ஆகவே பசுமைப் புரட்சி மொத்தமும் வெளியிலிருந்து வந்தது என்பவர்களுக்கு ஆடுதுறையைக் காட்டுங்கள்.

இதில் எது சந்தேகத்துக்குரியது? ஒன்று, 'சி.எஸ். இல்லாவிட்டால் கோடிக்கணக்கானவர்கள் செத்திருப்பார்கள்' என்கிற மேடைப் பேச்சு. நடக்காத ஒன்றை யார் எண்ணிப் பார்த்தது? இரண்டு, இதற்கு நேர் எதிரான குற்றச்சாட்டு: இதெல்லாம் அமெரிக்கா முடுக்கிச் செய்ய வைத்தது, இவர் வாஷிங்டனின் கையாள். இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஓர்வில் ஃப்ரீமேனைச் சந்தித்து, இந்தியா வேளாண்மையில் என்னென்ன செய்யும் என்று சி.எஸ். ஒப்பந்தம் போட்டார், அதை அப்போது வெளியே சொல்லவில்லை. அதிபர் ஜான்சன் தானியத்தை மாதாமாதம் அளந்து அளந்து அனுப்பிக்கொண்டிருந்தார், வியட்நாம் விஷயத்தில் இந்தியா பேசினால் அளவு இறுகும். ஆக நெருக்கடி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே கவனிக்கச் சொன்ன மாதத்தை இப்போது கூப்பிடுகிறேன்: விலைக் குழுவும் உணவுக் கழகமும் 1965 ஜனவரி, பால் நியமனம் அதே வருடம், முதல் விதைச் சரக்கும் ரோமுக்கு முன்பே புறப்பட்டாயிற்று. ரோமில் அவர் ஒத்துக்கொண்டதில் பெரும்பகுதி, தான் ஏற்கெனவே செய்ய ஆரம்பித்ததைத்தான். சொந்த அமைச்சரவையில் எதிர்ப்பவர்களை மடக்க அமெரிக்க நெருக்கடியையும் ஒரு தடியாக எடுத்துக்கொண்டார் என்பது என் ஊகம். பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்கிறவனுக்கு அந்த வித்தை தெரியும், இவருக்குத் தெரியாதா?

இந்த வேலைகளுக்கு நடுவிலேயே இன்னொன்று நடந்தது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி என்றாகி, தமிழ்நாடு பற்றி எரிந்தது, தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு. பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் இன்னொரு மத்திய அமைச்சரான ஓ.வி. அளகேசனும் ராஜினாமா கொடுத்தார்கள். சாஸ்திரி அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். ராதாகிருஷ்ணன் ஏற்க மனமில்லாமல் நிறுத்திவைத்தார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு தந்த உறுதிமொழி காக்கப்படும் என்றார், பிறகு இருவரும் ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்கள். நாடகம் என்றார்கள் திமுகவினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உணவுக் கழகம் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருப்பவருக்கு இழக்க நிறைய இருந்தது.

ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கணக்கில் வைக்கவில்லை. 1967 தேர்தலில் கோபிச்செட்டிபாளையத்தில் சி.எஸ். தோற்றார். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்குக் கிடைத்தது 3. விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற கோஷத்துக்கு எதிரே உணவு அமைச்சர் நின்றால் வேறென்ன நடக்கும்? பஞ்சாபில் விதை மண்ணுக்குள் இருக்கிறது, இங்கே அரிசிக் கடையில் வரிசை. வேளாண் கொள்கைக்காகத் தோற்றார் என்று சிலர் எழுதுவது சரியில்லை, இந்தியும் அரிசியும் சேர்ந்து அடித்த அலையில் எல்லோரோடும் சேர்ந்து போனார். ஆனால் விதைத்தவர் அறுவடைக்கு அங்கே இல்லை என்பது உண்மை.

அதன்பின் வந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். விமானத் தொழில் பற்றிய அரசுக் குழுவுக்குத் தலைமை, 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா பக்கம், அந்தப் பக்கத்தின் இடைக்காலத் தலைவர், 1971இல் திட்டத் துறை, பிறகு தொழில் வளர்ச்சி, 1974 அக்டோபரிலிருந்து நிதி. இங்கே நான் நிற்க வேண்டியிருக்கிறது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது நாட்டின் நிதி அமைச்சர் இவர். கடைசி வரை அந்த நாற்காலியில் இருந்தார். கிராமப்புற வங்கிகள் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது அவர் காலத்தில்தான், நம் பக்கத்துப் பாண்டியன் கிராம வங்கி மாதிரியானவை அதன் வழியில் பின்னால் வந்தவை. எத்தனையோ சிறு விவசாயிகளுக்கு அங்கே கடன் எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நல்ல காரியம்தான். ஆனால் மொழிக்காக ராஜினாமாக் கடிதம் நீட்டிய கை, எதிர்க்கட்சிக்காரர்களையும் பத்திரிகைக்காரர்களையும் விசாரணையில்லாமல் உள்ளே தள்ளியபோது நீளவில்லை. அவரை மதிக்கிறவன் நான், இருந்தும் இதற்குச் சமாதானம் சொல்ல எனக்கு வரவில்லை. 1977இல் பழனியில் ஜெயித்தார், அடுத்த வருடம் கட்சி மறுபடி உடைந்தபோது இந்திராவை விட்டு விலகினார், 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் சில மாதம் பாதுகாப்பு அமைச்சர். 1990இல் மகாராஷ்டிர ஆளுநர். பிரதமர் நரசிம்மராவ் செயல்படும் விதத்தைப் பற்றித் தனிப்பேச்சில் குறை சொன்னது பத்திரிகையில் வந்துவிட, 1993 ஜனவரியில் பதவியை விட்டார். 1998இல் பாரத ரத்னா, அதே வருடம் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும். 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் காலமானார்.

பின்விளைவுகளைச் சொல்லாவிட்டால் என் சக ஊழியர்களே சண்டைக்கு வருவார்கள். பஞ்சாபில் நிலத்தடி நீர் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது, கோதுமைக்கும் நெல்லுக்கும் நிச்சய விலை இருந்ததால் பருப்பும் சிறுதானியமும் ஓரமாகப் போயின, யூரியாவை அள்ளிக் கொட்டி மண் களைத்துப்போயிற்று. இது அத்தனையும் நிஜம், நானே மண் பரிசோதனை அட்டையை நீட்டி 'யூரியாவைக் குறைங்க' என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வற்றியவன். ஆனால் பஞ்ச வருடத்துக்காக எடுத்த முடிவை, பஞ்சம் தீர்ந்தபின் ஐம்பது வருடம் மாற்றாமல் வைத்திருந்தது யார்? இலவச மின்சாரம் 1966இல் வரவில்லை. பஞ்சாபில் கோடை நெல் சாகுபடி பரவியது அதற்குப் பிறகு. இவர் பங்கு இதில் உண்டு, ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் கட்டுவது கணக்குப்படி தப்பு.

பாரத ரத்னா கொடுத்தது சரியா என்றால், அந்த விருதுப் பட்டியலில் இவரைவிடக் குறைவாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், அதற்குமேல் அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயமில்லை. நான் போடுவதாக இருந்தால் சிவராமன் பெயரையும் பக்கத்தில் எழுதியிருப்பேன்.

புல்வெளிக் கதைக்கு வருகிறேன். டெல்லியில் தன் அரசாங்க பங்களாவின் புல்வெளியை உழுது புதுக் கோதுமையை விதைத்தார் என்பது பலரும் எழுதிய, பரவலாகச் சொல்லப்படும் செய்தி. நம்பாமலிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. டெல்லியில் நவம்பரில் விதைத்தால் ஏப்ரலில் அறுக்கலாம், அந்தப் பெரிய பங்களாக்களின் புல்வெளி ஒரு நல்ல செயல்விளக்க வயலுக்குத் தாராளமாகப் போதும், தண்ணீரும் குழாயிலேயே வரும். போதாததற்கு, பார்க்க வருகிற எம்.பி.க்களும் முதலமைச்சர்களும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். நாங்கள் செயல்விளக்க வயல் தேர்ந்தெடுக்கும்போதும் அதே விதிதான், ரோட்டோரமாக இருக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை மூட்டை கண்டது என்பதை மட்டும் யாரும் எழுதிவைத்ததாக நான் பார்க்கவில்லை, துறைக்காரனாக எனக்கு முதலில் அதுதான் தெரிய வேண்டும்.